உறுதி யாருடைய பெயரில்?

எங்கள் பக்கத்தில் ஒரு வளவுக்கு முன்னால் நிற்கும் ஆம்பிளையிடம் இது யாருடைய வீடு என்று கேட்டால், யோசிக்காமல் "என்ட வீடுதான்" என்பார். உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தால் மனைவியின் பெயர் இருக்கும். இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுக்க இதுதான் வழமை. மகளுக்கு வீடு கட்டி எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியேறுவார், தாய் தகப்பன் பின்வளவில் சிறிதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியிலும் இப்படித்தான்.

ஆனால் காசு என்று வந்தால் எல்லாம் ஒரே பானைக்குள் போகிறது. மனைவியின் வீட்டு வாடகை கணவரின் கணக்கில் விழும். மாமியின் ஓய்வூதியக் காசு மருமகனின் நிலையான வைப்பில் இருக்கும். வயல் விற்ற காசு மூத்தவனிடம் இருக்கும். குடும்பத்துக்குள் இதில் குற்றமொன்றும் இல்லை. சிக்கல் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில்தான் தொடங்குகிறது. அவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்றைத் தெரியாது, ஆட்களைத்தான் தெரியும். கணவருக்குத் தனிக்கணக்கு, மனைவிக்குத் தனிக்கணக்கு, வரிவிலக்கும் ஆளுக்கொன்று.

நான் வணிகக்கல்வி படிப்பிக்கிறவன். வருமான வரி விபரம் கொடுக்கும் நவம்பர் மாதம் வந்தால் சொந்தக்காரர்கள் கோப்புகளோடு எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுடைய கடதாசிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. எங்கள் ஊரில் பலர் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டுகிறார்கள், கட்ட வேண்டிய சிலர் தங்களுக்கு வரியே இல்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எந்த வருமானம் யாருடையது என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலில் கணக்கு. வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. 2020 இலிருந்து 2022 வரை ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரைக்கும் வரியில்லை என்றிருந்ததால் சம்பளக்காரர்கள் வரியையே மறந்திருந்தார்கள். 2023 ஜனவரியில் அந்த எல்லை திடீரென்று 12 இலட்சத்துக்கு இறங்கியது. வீதமும் 6 இல் தொடங்கி 36 வரை ஏறியது. டொக்டர்மாரும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் வீதிக்கு இறங்கியது அப்போதுதான். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லை 18 இலட்சம், அதாவது மாதம் 150,000. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, இன்னொரு 5 இலட்சத்துக்கு 30, மீதி எவ்வளவானாலும் 36.

இதை ஒரு கல்முனைக் குடும்பத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். கணவர் தனியார் துறை, மாதம் 250,000. மனைவி அரச பாடசாலை ஆசிரியை, மாதம் 95,000. சீதனமாக வந்த வீடு மனைவியின் பெயரில் இருக்கிறது, மாதம் 40,000 வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அவர்கள் இருப்பது வேறு வீட்டில். கணவரின் ஆண்டுச் சம்பளம் 30 இலட்சம். 18 இலட்சம் கழிந்தால் 12 இலட்சம். 10 இலட்சத்துக்கு 60,000, மிச்சம் 2 இலட்சத்துக்கு 36,000, மொத்தம் 96,000. இதை மாதம் 8,000 வீதம் கம்பனியே சம்பளத்தில் கழித்துக் கட்டிவிடுகிறது.

வாடகை ஆண்டுக்கு 480,000. திருத்த வேலைகளுக்கென்று அதில் கால்வாசியைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. ரசீது காட்டத் தேவையில்லை. ஆகவே கணக்கில் வருவது 360,000. இதைக் கணவரின் வருமானமாகப் போட்டால், அவருடைய சம்பளத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு 68,400 ரூபாய் வரியை இழுக்கும். மனைவியின் வருமானமாகப் போட்டால்? அவருடைய சம்பளம் 11 இலட்சத்து 40 ஆயிரம், அதோடு 360,000, மொத்தம் 15 இலட்சம். வரி ஒரு சதமும் இல்லை.

இது தந்திரமல்ல. வீடு உண்மையிலேயே அவருடையது, வாடகையும் அவருடையது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்து, காசு விழுவது கணவரின் கணக்கு என்றிருந்தால் நாளைக்கு யாராவது கேட்கும்போது விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஒப்பந்தத்தை மனைவியின் பெயரில் எழுதி, காசையும் அவருடைய கணக்குக்கு வரச் செய்தால் வேலை முடிந்தது. நான் இதைச் சொன்னால் சில வீடுகளில் கணவர்மார் வாடகைப் புத்தகத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அது வரிப் பிரச்சினை இல்லை, அதற்கு என்னிடம் மருந்துமில்லை.

மறுபக்கமும் உண்டு. வரி குறையும் என்று தன் சொந்தக் காசை மாமியார் பெயரில் வைப்பிலிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மாமியாருக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. வங்கியின் கண்ணில், ஒருவர் பெயரில் போட்டால் அது அவருடைய காசு. சில ஆயிரத்துக்காக அந்த விளையாட்டு வேண்டாம்.

ஓர் இடையீடு. யூடியூபில் தமிழில் வருமான வரி என்று தேடினால் வருவதில் முக்கால்வாசி தமிழ்நாட்டு வீடியோக்கள். அதைப் பார்த்துவிட்டு, "80 சி இல எவ்வளவு கழிக்கலாம் சேர்? காப்புறுதிக் கட்டணம் கழியுமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். 80 சி, பான் அட்டை, பழைய முறை, புதிய முறை எல்லாம் இந்தியாவுக்குரியவை. எங்கள் நாட்டில் ஆயுள் காப்புறுதிக் கட்டணத்தைக் காட்டித் தனிநபர் வரியைக் குறைக்க வழியில்லை. மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் வட்டி போன்றவற்றுக்குக் கொஞ்சக் காலம் ஒரு கழிவு இருந்தது, 2022 முடிவோடு அதுவும் போய்விட்டது. வரி மிச்சம் என்று சொல்லி யாராவது காப்புறுதி விற்க வந்தால், எந்தச் சட்டத்தில் என்று கேளுங்கள்.

இனி வட்டி. இங்கேதான் எங்கள் ஊர் வயோதிபர்கள் வீணாக இழக்கிறார்கள்.

ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கடைசியில் கையில் வந்த காசோடு சேமிப்பையும் சேர்த்து 40 இலட்சம் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். 8 வீத வட்டி என்றால் மாதம் 26,666 வர வேண்டும். போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் 24,000 என்றுதான் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தூரமாகப் பிடித்து, "இதென்ன மனே, பேங்க்காரன் களவெடுக்கிறானா?" என்று கேட்டார். களவில்லை. 2025 ஏப்ரல் 1 இலிருந்து வங்கிகள் வட்டியில் 10 வீதத்தை முற்பண வரியாகப் பிடிக்கின்றன. அதற்கு முன் 5 வீதம். பெரியம்மாவுக்கு அது ஆண்டுக்கு 32,000.

இதில் கவனிக்க வேண்டியது, அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே பெரியம்மாவின் கணக்கில் வரும் வருமானம் அந்த 320,000 வட்டி மட்டும். 18 இலட்சத்துக்குக் கிட்டவும் இல்லை. இப்படியானவர்கள், என் ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று ஒரு சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால் அந்த 10 வீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். படிவத்தில் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையை வைத்து எடுக்கலாம், காசு ஒன்றும் இல்லை. கூட்டுக் கணக்கென்றால் ஆளாளுக்குப் படிவம். இரண்டு வங்கியில் வைப்பிருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரி ஆண்டு மாறும்போது புதிதாகக் கொடுக்க வேண்டும்.

டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு நிறைய. பெரியம்மாவும் கடைசிவரை அந்தப் பயத்தோடுதான் கவுண்டருக்கு வந்தார். இலக்கம் எடுப்பதால் வரி வராது, வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால்தான் வரும். உள்ளதைச் சொன்னால், இலக்கம் எடுக்காததால்தான் அவர் வரி கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கனவே பிடித்த காசும் போனது போனதுதான் என்றில்லை. வங்கியில் வரிக்கழிவுச் சான்றிதழை வாங்கி, ஆண்டு முடிய வருமான விபரத்திரட்டை (ஆண்டு வருமானத்தைத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவத்தை) சமர்ப்பித்துத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். முன்கூட்டியே படிவத்தைக் கொடுப்பது எவ்வளவோ சுகம்.

இப்போது நிம்மதியாக இருக்கும் கூட்டத்துக்கு வருவோம். முதலில் எங்கள் ஆட்களே, ஆசிரியர்கள். சம்பளம் 80,000 தான், அதில் வரி கழிவதில்லை, ஆகவே வரி இல்லை என்று நினைக்கிறார்கள். சனி ஞாயிறில் களுவாஞ்சிக்குடியிலும் செங்கலடியிலும் ரியூசன் நடத்தி, மண்டப வாடகையும் போட்டோகொப்பிச் செலவும் போக மாதம் 120,000 மிஞ்சுகிறது என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 24 இலட்சம். எல்லைக்கு மேல் 6 இலட்சம், வரி 36,000. ரியூசன் காசில் கழித்துக் கட்ட யாரும் இல்லாததால் இதைத் தானே கட்ட வேண்டும்: ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணை, ஏதாவது மிச்சமிருந்தால் செப்டெம்பர் 30, விபரத்திரட்டு நவம்பர் 30. 2025/26 ஆண்டுக்குரியது 2026 நவம்பர் 30 இற்குள் போக வேண்டும். மண்டப வாடகை, அச்சுச் செலவு எல்லாம் கழியும். ஆனால் எத்தனை பேரிடம் ரசீது இருக்கிறது? ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம், நாங்கள் செய்வதில்லை.

அடுத்தது, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்யும் பிள்ளைகள். கல்லடியிலும் அக்கரைப்பற்றிலும் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். இப்படி வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து வங்கி மூலம் கொண்டுவரும் காசுக்கு 2025 மார்ச் 31 வரை வரியில்லை. அதற்குப் பிறகு உண்டு, ஆனால் எவ்வளவு உழைத்தாலும் வீதம் 15 இற்கு மேல் போகாது. மாதம் 300,000 உழைக்கிற பிள்ளைக்கு 18 இலட்சம் கழிய மிஞ்சும் 18 இலட்சத்தில், முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 8 இலட்சத்துக்கு 120,000, மொத்தம் 180,000. அதே தொகையை உள்ளூர்ச் சம்பளமாக எடுத்தால் 222,000 ஆகும். இந்தச் சலுகை வங்கி வழியாக வரும் காசுக்கு மட்டும்தான். வங்கியைத் தவிர்த்து நண்பனின் உண்டியல் வழியாகக் கைக்காசாக வருகிறதென்றால் அந்தப் பேச்சே இல்லை.

கட்டாரிலோ சவூதியிலோ ஆண்டு முழுக்க வேலை செய்யும் கணவர் வீட்டுக்கு அனுப்பும் காசு மனைவியின் வருமானமல்ல. அதை மனைவி தன் பெயரில் வைப்பிலிட்டால் வரும் வட்டி மட்டும் மனைவியின் வருமானம்.

கூரையில் சூரிய மின்தகடு (சோலர்) போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல கழிவு இருக்கிறது. தேசிய மின்கட்டமைப்போடு இணைத்துப் போட்டால் அந்தச் செலவில் ஆண்டுக்கு 600,000 வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மேலே சொன்ன கல்முனைக் கணவர் போட்டால் அவருடைய 96,000 வரி 36,000 ஆக இறங்கும். இங்கேயும் பெயர் முக்கியம். வரி கட்டுகிறவர் கணவர், பற்றுச்சீட்டு மனைவியின் பெயரில் என்றால் கழிவு வரியில்லாதவருக்குப் போய் வீணாகும். நன்கொடைக்கும் ஒரு கழிவு உண்டு, அரசு அங்கீகரித்த தர்ம நிறுவனங்களுக்குக் காசாகக் கொடுத்தால் 75,000 அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, எது குறைவோ அது. கண்ணகி அம்மன் சடங்குக்குக் கொடுத்த உபயமும், தனிப்பட்ட முறையில் கொடுத்த ஸகாத்தும் அதற்குள் வராது. அவற்றுக்குக் கணக்கு வேறிடத்தில்.

சரி, வரியை விடுவோம். உண்மையில் எங்கள் பகுதியில் ஒரு குடும்பத்தின் காசை எடுப்பது வரியல்ல, மகளின் வீடு. பெண்பிள்ளை பிறந்த அன்றே கல்லும் சீமெந்தும் கணக்கில் வந்துவிடும். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் தகப்பனின் உழைப்புக் காலம் முழுவதும் அத்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டங்களாகவே கழிகிறது. இந்த வழமையைத் திட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. பெண்ணின் பெயரில் சொத்து இருப்பது நல்லது என்றுதான் நினைக்கிறேன், கணவன் கைவிட்டாலும் காலடி மண் அவளுடையது. ஆனால் காசு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு.

நகையை ஈடு வைத்து வயல் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைக்க வைத்தால், பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்து மீட்கலாம். காசு திரும்பி வரும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. அதே நகையை ஈடு வைத்துக் கூரை போட்டால் கூரை காசு தராது. வட்டி ஏறி ஏறிக் கடைசியில் நகை ஏலத்துக்குப் போகும். கிழமைக் கட்டு நுண்கடனில் வீடு கட்டுவது அதைவிட மோசம். எங்கள் பக்கப் பெண்கள் அந்தக் கடனில் பட்ட பாட்டை ஊரே அறியும். தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு, தலைக்காரி நம்பிக்கையானவள் என்றால், இவை இரண்டையும் விடத் தேவலாம் என்பேன். பொருளாதாரம் படித்தவர்கள் சிரிக்கலாம்.

தனியார் துறையில் இருப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் போடுவது. அதில் ஒரு பகுதியை வீட்டுக்காக இடையில் எடுக்க வழியுண்டு. எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. ஓய்வூதியம் இல்லாத ஒருவருக்கு முதுமையில் இருக்கப்போவது அது மட்டும்தான். மகளுக்கு ஓர் அறை குறைந்தால் பிறகு கட்டலாம்.

கூட வட்டி தருகிறான் என்று நிதிக் கம்பனிகளில் போடுகிறவர்கள் ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 11 இலட்சம். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. அதுவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் மட்டும். ஆள் சேர்த்தால் பங்கு தருகிறோம் என்று மண்டபம் எடுத்துக் கூட்டம் வைக்கிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, சட்ட அனுமதியும் இல்லை.

வீடு கட்டும் காலத்தில் இன்னொன்று. விபரத்திரட்டோடு சொத்து, கடன் விபரமும் கொடுக்க வேண்டும். சுவிஸிலிருந்து மாமா அனுப்பிய காசில் கட்டிய வீட்டை, வரவு தெரியாமல் வெறுமனே எழுதினால் கேள்வி வரும். வங்கி வழியாக வந்த காசின் சீட்டுகளை, அனுப்பியவர் யார், எதற்கு என்று பின்பக்கத்தில் எழுதி ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.

வீட்டை எழுதிக் கொடுக்கும்போது தாய் தகப்பன் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. நொத்தாரிசிடம் சொன்னால் உறுதியிலேயே சேர்ப்பார். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பலர் கேட்பதில்லை. கேளுங்கள். உயிரோடு இருக்கும்வரை இருக்கவும், வாடகைக்கு விட்டால் வாடகையை எடுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கும், அந்த வாடகையும் அவர்களுடைய வருமானமாகத்தான் கணக்கில் வரும்.

சொத்துரிமைக்கு எங்களுக்குத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் இருக்கிறது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வடமாகாணத் தமிழருக்கு. மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டமும் இப்போது நடைமுறையில் இல்லை. மரணசாசனம் எழுதாமல் கணவர் இறந்தால் பொதுச் சட்டப்படி சொத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. மனைவி இறந்தாலும் அப்படித்தான், சீதன வீட்டில் பாதி மருமகனுக்குப் போகும் என்பது பல தாய்மாருக்கு அதிர்ச்சியாக இருக்கும். முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டப்படி பங்கு.

வங்கிக் கணக்குக்கும் சேமலாப நிதிக்கும் நியமனதாரி போடலாம். கலியாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டு, மூன்று பிள்ளைகள் ஆன பிறகும் அப்படியே விட்டிருப்பவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்குப் போனால் ஒரு படிவம் தருவார்கள், கட்டணம் எதுவும் கேட்க மாட்டார்கள்.